எலுமிச்சம்பழம் தின்ற தொட்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஈஜிபுராவில் எங்கள் சந்து முழுக்கத் தெரியும். ஆயுத பூஜை முடிந்த ஐந்தாம் நாள் காலை நான் போட்ட சத்தத்தில் தொம்மலூருக்கும் தெரிந்துபோனது.

என் பெயர் எல்லம்மா. தொம்மலூரில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற கேஸ் பிளாண்டில் ஏழு பெண்களுக்கு மேஸ்திரி. காய்கறிக் கடையிலும் ஓட்டலிலும் மிஞ்சுகிற ஈரக் குப்பையைப் பிரித்து, அரைத்து, தண்ணீர் கலந்து, மூடிய பெரிய தொட்டிக்குள் விடுவோம். அது உள்ளே மக்கி கேஸ் ஆகும். கேஸ் சேரச் சேர, தொட்டியின் மேல் கவிழ்த்த இரும்பு டிரம் மேலே எழும்பும். அந்த கேஸில் இன்ஜின் ஓடும், இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றும், எங்கள் ஷெட்டுக்கும் அரைக்கிற மெஷினுக்கும் மார்க்கெட் ரோட்டின் முப்பது தெருவிளக்குக்கும் கரண்ட் போகும். குப்பைக்காரிகள் என்று எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்கள் அந்த வெளிச்சத்தில்தான் வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவன் கிளிஃபர்ட். ஜீவனஹள்ளிக்காரன், நாற்பதைத் தாண்டியும் வாய் ஓயாதவன். டீ நேரத்தில் தினமும், கரண்ட் எங்கெங்கே எப்படி வருகிறது என்று ஒரே பாட்டுதான்.

“ஷராவதில தண்ணி மேலருந்து விழுந்து சக்கரத்த சுத்துது. ராய்ச்சூர்ல கரிய எரிச்சு, ஆவி சுத்துது. சித்ரதுர்காவுல காத்து சுத்துது. பாவகடால மட்டும் சுத்தற வேலையே கெடையாது, பலகைல வெயில் பட்டா கரண்ட்டு.”

“நம்ம கிட்ட இன்னாடா சுத்துது?” என்பேன் நான்.

“அழுகுன முட்டகோஸு, அக்கா!”

நூறு தடவை கேட்டிருப்பேன், நூறு தடவையும் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோனது. கிளிஃபர்ட் பத்து தடவை ஸ்டார்ட் செய்தும் பிடிக்கவில்லை.

“டிரம்மு தல ஒயரத்துக்கு நிக்குது பாரு! கேஸ் ரொம்பி வழியுது! உன் இன்ஜினுக்கு இன்னா கேடு? நீ வாயால ஓட்டறத கொஞ்சம் கையால ஓட்டேன்டா!” என்று ஏழு பெண்கள் எதிரில் கத்தினேன். அவன் முகம் செத்துப்போனது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டு உள்ளே வந்தார் கார்ப்பரேஷன் ஆபீஸ் இன்ஜினியர் மஞ்சுநாத். கன்னடம் கலந்து பேசுகிற நல்ல மனுஷன்தான், ஆனால் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும்.

“நோடி எல்லம்மா, இன்ஜின் ஹாளாயித்து, கெட்டுப்போச்சுன்னு எழுதிடறேன். ஆபரேட்டர மாத்தணும்னும் எழுதறேன். ஆனா ஒண்ணு சொல்றேன், ஆபீஸ்ல இந்த பிளாண்ட்ட பிரிச்சிட்டு டீசல் செட் வெக்கலாம்னுதான் பேச்சு. இது போச்சுன்னா குப்பை எல்லாம் லாரில போகும்.”

லாரி வந்தால் என்னையும் சேர்த்து எட்டுப் பேருக்கும் அங்கே வேலை இல்லை.

கிளிஃபர்ட் டிரம்மின் பக்கத்துக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து தீக்குச்சியைக் காட்டினான். நீல நெருப்பு பிடித்திருக்க வேண்டும். குச்சி பொசுக்கென்று அணைந்தது. இன்னொன்றைக் கிழித்தான், அதுவும் அணைந்தது.

“டிரம்மு ஏறுனா ஆச்சாக்கா? எரியற கேஸ் கொஞ்சந்தான் கீது. மிச்சமெல்லாம் சோடால அடிக்கிற கேஸு.” பிறகு தொட்டித் தண்ணீரில், புளிப்புப் பார்க்கிற காகிதத் துண்டு ஒன்றை நனைத்தான். பச்சையாக மாற வேண்டியது ஆரஞ்சாக மாறியது. “தொட்டி புளிச்சுட்டுது. புளிப்பா இன்னா போட்டீங்க?”

ஏழு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நான் ஷெட் வாசலைப் பார்த்தேன்.

எங்கள் ஷெட் வாசலில் ஒரு போர்டு உண்டு, எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுத் தோல் கூடாது என்று. ஆனால் ஆயுத பூஜை அன்று இந்த ஊரில் சக்கரம் வைத்த எதையும் விட மாட்டார்கள். பஸ், ஆட்டோ, லாரி, குழந்தையின் மூணு சக்கர சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். மறுநாள் மூன்று டிப்பர் வந்தது, எல்லாம் குங்குமம் பூசிய பழம். பெண்கள் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான்தான், “சாமிக்கு வெச்சதை குப்பமேட்டுல கொட்டறதா? போடுங்கடி உள்ள, சாமி பழம் ஒண்ணும் செய்யாது” என்று அத்தனையையும் அரைத்து விடச் சொன்னேன். அன்றைக்குப் புண்ணியம் கட்டிக்கொண்ட மாதிரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மஞ்சுநாத் பேனாவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கிளிஃபர்டுக்குப் புரிந்துவிட்டது. என்னைக் காட்டிக் கொடுக்க அவனுக்கு ஒரு வார்த்தை போதும், அவன் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“எழுதாதீங்க சார். இன்ஜின் மேல தப்பில்ல, அவன் மேலயும் தப்பில்ல. மூணு வண்டி எலுமிச்சம்பழம், போடச் சொன்னது நானு. எழுதறதுன்னா எல்லம்மான்னு எழுதுங்க. ஆனா தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க. கெடுத்தவளே சரி பண்றேன்.”

அவர் என்னையே பார்த்தார். “ரெண்டு வாரம்தான் இருக்கு. முப்பது விளக்கும் எரியணும். ஒண்ணு கம்மி ஆனாலும் பிரிச்சிடுவேன்.”

“சரி சார்.”

அவர் போனதும் நான் கிளிஃபர்ட் பக்கம் திரும்பினேன். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லாத வாய், கொஞ்சம் தடுமாறியது. “ஏழு பேர் முன்னாடி கத்துனேன். ஏழு பேர் முன்னாடியே சொல்றேன், தப்பு என்னுது.”

“பரவால்லக்கா. மொதல்ல தொட்டிய பட்டினி போடு.”

பட்டினி போட்டோம். வந்த குப்பையெல்லாம் லாரியில் போனது, பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. ஜீவனஹள்ளியில் மாடு வைத்திருக்கிற பால்காரர் கோவிந்தனிடம் போய் தினமும் விடிந்ததும் பச்சைச் சாணி வாங்கி வந்தோம். சாணியில்தான் கேஸ் செய்கிற பூச்சிகள் உயிரோடு இருக்கும் என்றான் கிளிஃபர்ட். ஆறு கூடை சாணி, கூடவே கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர். சாணியில் முழங்கை வரை விட்டுக் கரைத்தது நான்தான், வேறு யாரையும் தொட விடவில்லை.

நான்கு நாளாகியும் காகிதம் ஆரஞ்சாகவே இருந்தது. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சுண்ணாம்பு மூட்டையையே தூக்கிக்கொண்டு தொட்டி வாய்க்குப் போனேன். கிளிஃபர்ட் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

“வயித்து வலிக்கு மாத்திர சாப்பிட சொன்னா பாட்டிலையே முழுங்குவியா? இருக்கறதும் செத்துடும்க்கா!”

மூட்டையைக் கீழே வைத்தேன். என் வாழ்க்கையில் ஒரு ஆம்பளை சொன்னதைக் கேட்டு நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் காகிதம் மஞ்சள். பதினோராம் நாள் மஞ்சளும் பச்சையும் இல்லாத ஒரு நிறம், அதை வைத்து அரை மணி நேரம் சண்டை போட்டோம். பதின்மூன்றாம் நாள் இளம்பச்சை. கிளிஃபர்ட் குழாயைத் திறந்து தீக்குச்சியை என்னிடம் கொடுத்தான். கிழித்துக் காட்டினேன். பொக்கென்று நீல நெருப்பு பிடித்தது. ஏழு பெண்களும் போட்ட கூச்சலில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் காலை பதினோரு மணிக்கு மஞ்சுநாத் நோட்டோடு வந்தார்.

“ராத்திரி வரைக்கும் காத்திருக்க முடியாது. இப்பவே எல்லாம் ஆன் மாடி, போட்டுக் காட்டுங்க.”

கிளிஃபர்ட் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்தான். ஒரு இருமல். இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது, தடதடவென்று ஷெட் அதிர்ந்தது. ஷெட் லைட், ஃபேன், அரைக்கிற மெஷின், ஒவ்வொன்றாகப் போட்டோம். கடைசியில் தெருவிளக்கு சுவிட்ச். லோடு ஏறியதும் இன்ஜின் சத்தம் இறங்கியது, இறங்கியது, செத்தோம் என்று நினைத்தேன். பிறகு மூச்சுப் பிடித்து ஏறி, ஒரே சீராக ஓடியது.

எல்லோரும் ரோட்டுக்கு ஓடினோம். மஞ்சுநாத் ஒவ்வொரு கம்பமாக விரல் நீட்டி எண்ணினார். நானும் அவருக்குப் பின்னாலேயே வாய்க்குள் எண்ணினேன். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. பூக்கடைக்குப் பக்கத்தில் முப்பதாவதும் எரிந்தது. கிளிஃபர்ட் இன்ஜினை விட்டு வர முடியாமல் ஷெட்டுக்குள்ளிருந்து, “எத்தினிக்கா? எத்தினி?” என்று கத்திக்கொண்டிருந்தான். மஞ்சுநாத் நோட்டை மூடி கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“டீசல் வேண்டாம்னு நானே எழுதறேன், எல்லம்மா.”

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக்கூட இல்லை, அதற்குள் ஸ்கூட்டரில் போன ஒரு ஆள் பிரேக் போட்டு நின்றார். வெயிலையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா அநியாயம் இது? பட்டப்பகல்ல தெருவிளக்கு எரியுது, அணைக்க ஆளில்லையா? யாரு வூட்டு கரண்ட்டு?”

“எங்க வூட்டு கரண்ட்டு!” என்றேன், மார்க்கெட் கடைசிக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி. “நாங்க பண்ண கரண்ட்டு! நாங்களே அணைப்போம், நீ போய்யா!”