பதினைந்து புள்ளி ஆறு இஞ்ச்

கம்ப்யூட்டர் மானிட்டருக்கு விலை இஞ்ச் கணக்கில்தான். பத்து இஞ்ச் மானிட்டர் வேண்டுமென்றால் பத்து இஞ்ச் உயரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எடுத்துப் போகலாம். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் இதை அட்டையில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள். பேரம் கிடையாது என்றும் கீழே போட்டிருந்தது.

ஆவுடைச்செல்வி தன் அப்பா பேச்சிமுத்துவோடு உள்ளே போனாள். அவள் கோயம்புத்தூரில் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் ஆளுக்கொரு மானிட்டரோடு வர வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கொண்டுவராதவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து உதிர்ந்துவிடும். போன வருஷம் ஒருத்திக்கு அப்படி உதிர்ந்தது. ஹாஸ்டலில் அவள் கட்டிலில் இப்போது ஒரு பீரோ படுத்துத் தூங்குகிறது.

ஆவுடை மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகிறவள். ஆகவே பஸ் பயணம் தாங்குகிற மானிட்டராகவும் இருக்க வேண்டும்.

பேச்சிமுத்து பெயிண்டர். ஒரு காலத்தில் ஐந்தடி பத்து இஞ்ச் இருந்தார். ஸ்டூல் போடாமலே உத்தரத்துக்கு வெள்ளையடிப்பார் என்று தெருவில் பேச்சு. மூத்தவளின் நர்சிங் படிப்புக்கு ஒரு அடி போயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினதில்லை. அதுதான் ஆவுடைக்குத் தாங்கவில்லை. இருப்பதிலேயே சின்னதை எடுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று முடிவு கட்டித்தான் வந்திருந்தாள்.

கடைக்காரம்மாவின் கழுத்தில் டெய்லர் டேப் தொங்கியது.

"உயரம் யாரு குடுக்கா?"

"நான்," என்றார்கள் இருவரும்.

கடைக்காரம்மா ஆவுடையை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

"வளர்ற உயரம் செல்லாது. கைக்கு வந்தா நிக்காது."

"நான் வளர்றது நின்னு நாலு வருஷமாச்சு."

"அதுக்கு சர்ட்டிபிகேட் வச்சிருக்கியா?"

இல்லை. வளர்ச்சி நின்ற சான்றிதழை நின்ற அன்றைக்கே தாலுகா ஆபீசுக்கு நேரில் போய் வாங்கியிருக்க வேண்டும். பிறப்பு, சாதி, வருமானம், இருப்பிடம் என்று ஒன்று விடாமல் வாங்கி லேமினேஷன் போட்டு வைத்த வீட்டில் இதை மட்டும் கோட்டை விட்டிருந்தார்கள். ஆவுடைக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

மானிட்டர்கள் பின்பக்கம் இருந்தன. அங்கே போகிற நடை நடக்க நடக்க நீண்டது. "இதுக்கு மட்டும் எத்தனை லிட்டர் பெயிண்ட் பிடிக்கும்," என்று பேச்சிமுத்து சுவரைத் தடவிக்கொண்டே வந்தார். அவருக்கு எங்கே போனாலும் அந்தக் கவலைதான்.

கடைசியில் ஒரு பஸ் இருந்தது. நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. மானிட்டர்கள் சீட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

"பயணம் தாங்குதான்னு பாத்துத்தான் விப்போம்," என்றாள் கடைக்காரம்மா.

முன்சீட்டில் ஒரு இருபத்துநாலு இஞ்ச், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ராஜபாளையம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டது. கோடும் எண்ணுமாக வந்தது. கடைக்காரம்மா அதற்கு ஒரு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள்.

ஆவுடை பின்சீட்டுக்குப் போய் ஒரு பத்து இஞ்சைத் தூக்கினாள். "யப்பா, இது போதும்."

பேச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இதுல ஒரு வீடு வரைஞ்சா வாசலோட நின்னு போகுமேட்டி."

"வாசல் போதும்ப்பா."

"படிக்கிற பிள்ளைக்குக் கண்ணு முக்கியம். எடுக்கதுதான் எடுக்கோம், நல்லதா எடு."

"இருக்கிறதையும் குடுத்துட்டு நீங்க என்னப்பா செய்வீங்க?"

"எனக்கென்ன, ஏணி இருக்கு."

ஜன்னலோரத்தில் ஒன்று அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பதினைந்து புள்ளி ஆறு இஞ்ச். ஒரு கிலோகூட இல்லை. கவரை மடக்கினால் அதுவே ஸ்டாண்டு. ஒரே வயரில் படமும் போகும், கரண்டும் போகும். கோயம்புத்தூர் வரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்லை. அதைப் பார்த்ததும் ஆவுடைக்குப் பிடித்துவிட்டது. பிடித்தது முகத்தில் தெரிந்தும் விட்டது. அப்பாவுக்கு அது போதும்.

படிவம் வந்தது. பெயர், ஊர், கொடுக்கும் அளவு. நான்காவது கட்டத்தில், 'இவ்வளவு உயரம் இதுவரை எதற்குத் தேவைப்பட்டது?' என்று கேட்டிருந்தார்கள். பேச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். பிறகு 'உத்தரத்துக்கு' என்று எழுதினார். கடைக்காரம்மா அதன்மேல் சீல் குத்தினாள்.

"தலையில இருந்து எடுக்கவா, கால்ல இருந்தா?"

"கால்லயே எடுங்க. தலை இருந்தாத்தான் பிள்ளைக்கு அடையாளம் தெரியும்."

"புள்ளிக் கணக்குல வெட்ட வராது. பதினாறா எடுத்துட்டு மிச்சம் தாரேன்."

டேப்பை உருவுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மிச்சத்தைத் தினத்தாளில் மடித்துக் கொடுத்தாள். பேச்சிமுத்து அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சட்டை இப்போது முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

ஆவுடைக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்க அவள் குனிய வேண்டியிருந்தது.

"எதுக்கு அழுத? தரையோரம் பார்டர் அடிக்க இனிமே குனிய வேண்டாம்லா," என்றார் அவர். சிரிக்கவும் செய்தார்.

பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டி வந்து நின்றதும் கூட்டம் மொய்த்துவிட்டது. எப்போதும் அப்பாதான் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். இன்றைக்கு எட்டிப் பார்த்தார், எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. துண்டு டயரில் விழுந்தது.

"என்னையே உள்ள போடு," என்றார்.

ஆவுடை மானிட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியே உள்ளே விட்டாள். அவர் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது," என்று எல்லோரையும் விரட்டினார். அவள் படி வழியாக ஏறி வருகிற வரைக்கும் அந்த இடம் அவளுக்காக இருந்தது.

வண்டி எடுக்கப் போவதாக விசில் அடித்தார்கள். நடுவில் கால் வைக்க இடமில்லை. வந்த ஜன்னல் வழியே அவரை இறக்கிவிட்டாள். ரொம்ப லேசாக இருந்தார். மானிட்டர் அவரைவிடக் கனமாகத் தோன்றியது.

ஆள் ஏற ஏற பஸ் உயர்ந்துகொண்டே போயிற்று. அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். முறுக்குக் கூடை தெரிந்தது. தலைகள் தெரிந்தன. அப்பா தெரியவில்லை.

"ஆவுடை, நான் நிக்கது தெரியுதாட்டி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"தெரியுதுப்பா. நல்லாத் தெரியுது."

"அப்ப சரி. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

பஸ் நகர்ந்தது. அவள் குரல் வந்த பக்கமாகப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கீழே ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொல்வது கேட்டது.

"யாரு பெத்த பிள்ளையோ, பாவம், தனியா நின்னு அழுதுக்கிட்டு இருக்கு."