டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நடந்தவள்

புல்தரையில் பந்து உருட்டும் லான் பவுல்ஸ் ஆட்டக்காரி மரகதவல்லி வெளிநாட்டுப் போட்டி முடிந்து ஊர் திரும்பினால் வீட்டைப் பார்த்து நடப்பதில்லை. வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருக்கிற டிரான்ஸ்பார்மரைப் பார்த்து நடப்பாள். போகப்போக இடப்பக்கம் வளைந்து, வேகம் தீரும்போது தன் வீட்டு வாசலில் நிற்பாள்.

அந்த ஆட்டத்துப் பந்து அப்படித்தான். ஒரு பக்கம் கனம், அந்தப் பக்கமே வளையும், நேராகவே உருளாது. வருஷக்கணக்கில் அதோடு பழகியதில் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அணியில் எல்லோருக்கும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேராக நடக்கிறவர்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டார்கள்?

மகள் நிரஞ்சனா போனில் கோபப்படவில்லை. இந்தத் தடவையும் வராவிட்டால் பரவாயில்லை, அம்மா இல்லாமலே இருந்து பழகிக்கொள்வதாகச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் மரகதவல்லி கிளம்பி வந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் நடுவர் செல்வநாயகம் பந்து உருட்டுகிறவர்கள் ஏறி நிற்கிற கறுப்புப் பாயை விரித்து வைத்துக் காத்திருந்தார். கையில் அளவு நாடா. அவள் பாயில் ஏறி நின்றாள். வீட்டு கேட்டில் நிரஞ்சனா நிற்பது தெரிந்தது. கேட்டை விட உயரமாகிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் இடக்கையிலிருந்த பெட்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு மகளுக்கு இடக்கையை ஆட்டினாள். பிறகு காலெடுத்து வைத்தாள். கனம் பக்கம் மாறிவிட்டது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஆட்டம் பழகுகிற பிள்ளைகள் செய்கிற தப்பு. இந்தத் தப்பைச் செய்தவர்களைப் பார்த்து அவளே வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள்.

அவள் வலப்பக்கம் வளையத் தொடங்கினாள்.

"அம்மா, வீடு இந்தப் பக்கம்."

"தெரியுதும்மா."

"அப்ப நில்லேன்."

"நானா நிக்க முடியாது கண்ணு. போற வேகம் தீரணும்."

நிரஞ்சனா கேட்டைத் தாண்டவில்லை. இலக்கு நகரக் கூடாது என்று நடுவர் கையமர்த்தியிருந்தார்.

பக்கத்து வீட்டு ரெஜினாவின் வாசலில் வேகம் தீர்ந்தது. பின்னாலேயே வந்த நடுவர் நாடாவை விரிக்கக்கூட இல்லை. அடுத்த தடத்துக்குப் போன பந்து செத்த பந்து என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரெஜினா கை கழுவச் சொல்லித் தட்டு வைத்தாள். சாப்பிட்டதும் ஒரு நைட்டியை எடுத்துக் கொடுத்தாள். அது மரகதவல்லிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அந்த வீட்டில் உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக் குக்கர் கூவியது. அவள் விசில்களை எண்ணிக்கொண்டே பாத்திரங்களைத் துலக்கி வைத்தாள்.

சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். மரகதவல்லிதான் போய்த் திறந்தாள். கையில் கிண்ணத்தோடு நிரஞ்சனா நின்றாள். மரகதவல்லியின் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"கொஞ்சம் உறைமோர் கிடைக்குமா ஆன்ட்டி?"

மரகதவல்லி கிண்ணத்தை வாங்கினாள்.

"வீட்ல யாரும் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"அம்மா வர்றாங்க ஆன்ட்டி. அவங்களுக்குத் தயிர் இல்லாம சாப்பாடு இறங்காது."

மரகதவல்லி இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள்.