பக்கத்து மாடி டிஷ்

வேங்கிக்காலில் அந்தத் தெருவுக்கு இருபது வருஷமாக முருகவேல்தான் கேபிள்காரர். எந்த வீட்டில் படம் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். மாடியேறி வயரைச் சரிசெய்ததும் கீழேயிருந்து "வந்துடுச்சிண்ணா!" என்று குரல் கேட்கும். அதற்காகவே சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போவார்.

பக்கத்து வீட்டு எழிலரசி கேபிளை நிறுத்தினாள். காயலான் கடையில் பழைய டிஷ் ஒன்றை வாங்கினாள். உடைந்த சைக்கிளின் குழாயை வெட்டி அதற்குக் கால் வைத்தாள். போனில் வீடியோ பார்த்துக்கொண்டே மொட்டை மாடியில் தானே மாட்டினாள். இலவசச் சேனல்கள் அதில் வந்தன, மற்றதெல்லாம் நெட்டில். ஒரே மாதத்தில் தெருவே அவளிடம் யோசனை கேட்டது. "அந்தப் பொண்ணு கை வெச்சா படம் கண்ணாடி மாதிரி இருக்குது" என்று முருகவேலிடமே சொன்னார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவி அருணாதேவி தினமும் மூன்று மணிக்கு நெட்டில் தொடர் பார்க்க அங்கே போனதுதான் தாங்கவில்லை.

"நம்ம வீட்ல இல்லாத டிவியா?"

"நம்ம டிவில இந்தக் கதை வராதே" என்று செருப்பை மாட்டினாள்.

ஒரு வியாழக்கிழமை, அவள் போன கொஞ்ச நேரத்தில், வயிற்றெரிச்சல் தாளாமல் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டினார். எழிலரசியின் டிஷ்ஷை இரண்டு விரற்கடை திருப்பிவிட்டு இறங்கினார். பக்கத்து வீட்டில் சிரிப்பு நிற்கவே இல்லை. அவர்கள் பார்ப்பது நெட்டில், டிஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை எழிலரசியே வந்தாள்.

"அண்ணா, டிஷ்ல ஒண்ணும் வரல. குரங்கு ஆட்டிடுச்சி போல. ஒரு மணி நேரமா திருப்பிப் பாத்துட்டேன், பிடிபடல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அருணாதேவியும் கூடவே போனாள். முருகவேல் மாடியேறி ஒரே திருப்பில் சரிசெய்தார்.

"வந்துடுச்சிண்ணா!"

உடம்பு சிலிர்த்தது. அடுத்த நொடியே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

கீழே எழிலரசி காபி நீட்டினாள். "இந்தக் குரங்குங்களுக்கு முள்கம்பிதான் கட்டணும்ணா."

முருகவேல் டம்ளரை வாங்கவில்லை. "குரங்கு இல்லம்மா. நான்தான் திருப்பினேன்."

"எதுக்குண்ணா?"

அவர் மனைவியைப் பார்த்தார். எழிலரசியும் அருணாதேவியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "இனிமே மாடிக்கு வர்றதுன்னா சொல்லிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அன்று மதியமும் அருணாதேவி மூன்று மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வாங்க. ஒழுங்கா ஒரு மன்னிப்பு கேட்டுட்டு, உக்காந்து நீங்களும் பாருங்க."

"நீ போ."

அவள் போனாள். முருகவேல் தன் டிவியைப் போட்டு ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டில் இருவரும் ஏதோ ஒன்றுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று தெரியவில்லை. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, பக்கத்து வீட்டுச் சுவரோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.