இறுகாத கூரை

1984 ஆவணியில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுந்தரபாண்டியம் போகும் சாலையில், பெண்பிள்ளைகளின் ஆறாம் வகுப்புக்காகக் கட்டிய கட்டடத்தின் காங்கிரீட் கூரை பதினான்கு ஆண்டுகள் கழித்தும் இறுகவில்லை. விரலை வைத்தால் கேப்பைக் களியில் இறங்குவதுபோல இறங்கும். எடுத்தால் குழி தானே மூடிக்கொள்ளும். மற்றபடி அது ஒழுங்கான கூரைதான். கனம் சரியாக இருந்தது, மட்டமும் பிசகவில்லை.

அந்தப் பக்கத்தில் ஐந்தாவது முடித்த பெண்பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போவார்கள். தன் மகள் முத்துப்பேச்சியை மட்டும் அனுப்பமாட்டேன் என்று சண்முகத்தாய் தெருவறியச் சொல்லியிருந்தாள். அதற்காகவே கூரைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கினாள். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினால் இருபத்தெட்டு நாளில் காங்கிரீட் கல்லாகிவிடும், முட்டுக்கம்புகளைப் பிரித்துவிட்டு வகுப்பைத் தொடங்கிவிடலாம் என்று பொறியாளர் ஞானதுரை கணக்குச் சொல்லியிருந்தார்.

ஞானதுரை விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடப்பவர். நல்ல மனுஷன்தான். ஆனால் கூரையின் வலுவைச் சோதிக்க வார்க்கும் ஆறு காங்கிரீட் கட்டிகளுக்குத் தனிக் கலவை போடுவது அங்கே எல்லா வேலையிலும் வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு நகையைப் போட்டுக் காட்டுவது மாதிரி. கட்டிகளுக்குச் சிமெண்ட் தாராளமாகப் போனது, கூரைக்குக் கிணற்றுத் தண்ணீர் தாராளமாகப் போனது. ஞானதுரை பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டாம் நாள் மதுரையில் அந்தக் கட்டிகளை நசுக்கப்போன இயந்திரம்தான் உடைந்தது. கட்டிகளில் கீறல்கூட இல்லை. கூரையின் வலுவெல்லாம் அந்த ஆறிலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்றார், கலவை போட்ட கொத்தனார் மைதீன் பிச்சை.

இடித்துவிட்டு வேறு போட அனுமதி கேட்டு ஞானதுரை எழுதினார். இவ்வளவு உறுதியான காங்கிரீட்டை இடிக்க விதியில்லை என்று பதில் வந்தது. கட்டிகள் வேறு கலவை என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த ஒரு வரி அவர் வேலையைத் தின்றுவிடும். வீட்டில் நாலு பிள்ளைகள். எழுதவில்லை.

"இன்னும் எம்புட்டு நாளு ஊத்தணும் சார்?" என்று சண்முகத்தாய் கேட்டாள்.

"இறுகுற வரைக்கும் ஊத்து தாயி."

"எம்மவ அடுத்த வருசம் அஞ்சாப்பு சார்."

"புஸ்தகத்துல இருபத்தெட்டு நாளுன்னுதான் போட்டுருக்கு" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

முத்துப்பேச்சி ஐந்தாவது முடித்தாள். ஒரு வருஷம் அவளை வீட்டில் வைத்துக்கொண்டு சண்முகத்தாய் கூரைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினாள். 1987இல் முத்துப்பேச்சி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். அன்றைக்குச் சண்முகத்தாய் கூரையிலேயே குடத்தைப் போட்டுவிட்டு அழுதாள். குடம் காங்கிரீட்டுக்குள் மெல்ல முங்கிப்போனது. மறுநாள் வேறு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். முத்துப்பேச்சிக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

1998இல் மெட்ராஸிலிருந்து ஒரு குழு வந்தது. கூரையில் ஏறவில்லை, சோதனைத் தாளைப் பார்த்து, காங்கிரீட் இறுகிவிட்டதாகக் கொள்ளவும், முட்டுகளைப் பிரிக்கவும் என்று எழுதிப்போனது. ஞானதுரை எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டு, விழுந்தால் தன்மேல் விழட்டும் என்று கடைசி முட்டுக்கம்பைத் தானே தட்டினார். கூரை விழவில்லை. களியாகவே அந்தரத்தில் நின்றது. அவர் வாய்விட்டு அழுதார். விழுந்திருந்தால் புதிதாக ஒன்று கட்டியிருப்பார்கள்.

அதனடியில் பிள்ளைகளை உட்காரவைக்கத் தலைமையாசிரியருக்குத் துணிச்சல் இல்லை. கட்டடம் இருப்பதால் இன்னொன்று கேட்கவும் முடியாது. காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்கு நிற்கும் பிள்ளைகள் மட்டும் அதற்குள் நிற்கிறார்கள். சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும். முட்டுகளைப் பிரித்து ஆறு வருஷமாகிறது, முத்துப்பேச்சியின் மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள். வேன்காரரிடம் இப்போதே சொல்லிவைத்தாயிற்று.