தப்பாத அக்தரின் ஓட்டு

கீழே வருகிற கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. செம்பாக்கம் ஏரியில் இடுப்பளவு நீரில் நின்று, கிழக்கே பார்த்து, தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் இது. ஏரியில் அவ்வளவு நீர் இல்லாத மாதங்களில் முழங்காலளவு நீரில் நின்றும் இதே சத்தியத்தைச் செய்யத் தடையில்லை.

அந்த ஏரிக்கரையில் ஒரு கூடைப்பந்துக் குழு உண்டு. நிலம் சிட்டிபாபுவுடையது. அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடம். சிட்டிபாபு ஒரு பக்கம் கடை கட்டி வாடகைக்கு விட்டார், மிச்சத்தில் சிமெண்ட் போட்டு ஆடுகளமாக்கினார், கையோடு செயலாளராகவும் ஆகிவிட்டார். குழுவின் நட்சத்திரம் அக்தர். பம்மலில் செருப்புக்கு மேல்தோல் தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஓட்டம் குறைந்துவிட்டது, தொப்பை மட்டும் முன்னேறியிருந்தது. ஆனால் ஃப்ரீ த்ரோ என்கிற தனிவீச்சில், அதாவது யாரும் குறுக்கே வராமல் கோட்டில் நின்று வளையத்துக்குள் பந்து போடுவதில், அவர் வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டிருக்கிறார். தும்மிக்கொண்டே போட்டிருக்கிறார். ஒருமுறை ஃபோனில் வாடிக்கையாளரிடம் "நாளைக்குக் கட்டாயம் டெலிவரி சார்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். சரக்குக்குத் தோலே இன்னும் வரவில்லை, பந்து மட்டும் உள்ளே போனது. கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோக்காரர்கள்கூட அவரைத் 'தப்பாத அக்தர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் இப்போது ஆட்டம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அது அவருக்கும் தெரியும்.

இந்தக் குழுவில் ஓட்டெடுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆரம்பத்தில் கையைத் தூக்கித்தான் ஓட்டுப் போட்டார்கள். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் கையைத் தூக்கினால் குள்ளமானவன் கை யார் கண்ணிலும் படாது. அடிதடி ஆனது. அதனால் சிட்டிபாபு சட்டத்தை மாற்றினார். தீர்மானம் எதுவானாலும் ஆளுக்கு ஒரு தனிவீச்சு. பந்து உள்ளே விழுந்தால் சம்மதம், விழாவிட்டால் மறுப்பு. வாயால் சொல்வதெல்லாம் செல்லாது, பந்து சொல்வதே முடிவு. இதனால் சில சங்கடங்கள் வந்தன. களத்துக்குக் கூரை போடுகிற தீர்மானத்தை எல்லோரும் மனதார விரும்பினார்கள், யாருக்கும் கை வராததால் அது தோற்றது. அக்தரோ இதுவரை வந்த எல்லாத் தீர்மானத்துக்கும் சம்மதம் சொன்னவர். பயிற்சிக்குப் பிந்தி வருவதற்காக அவரையே கண்டித்து வந்த தீர்மானம்கூட அவருடைய ஓட்டில்தான் நிறைவேறியது.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்தில்தான் படப்பையிலிருந்து தயாளன் பேச்சு வந்தது.

தயாளன் படப்பை அணியின் ஆட்டக்காரர். உயரத்தைச் சொல்ல வேண்டுமென்றால், பஸ்ஸில் அவர் உட்கார்ந்திருந்தாலும் நிற்கிற கண்டக்டர் அண்ணாந்து பார்த்துத்தான் டிக்கெட் கொடுப்பார். அவர் எம்பிக் குதித்தால், கீழே இறங்குவதற்குள் நடுவர் விசிலைத் துடைத்து மறுபடி வாயில் வைத்துக்கொள்வார். தாம்பரத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று அவர் இறங்கட்டும் என்று ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது என்பதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. அது வேறு ஆள் சொன்னது. ஒவ்வொரு வருடமும் புறநகர்க் கோப்பையில் செம்பாக்கம் தோற்பது இந்தத் தயாளனிடம்தான். இப்போது படப்பை அணியின் மேலாளர் சுபத்ரா, ஒரகடம் சாலையில் லாரி எடைமேடை வைத்திருக்கும் அம்மாள், அவரைத் தருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பதிலுக்கு நம்மாள் ஒருவரைக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு.

செய்தியைக் கேட்ட கணத்திலிருந்து அக்தருக்கு நெஞ்சுக்குள் ஏதோ கருகுகிற வாசனை வந்துகொண்டிருந்தது. தயாளன் வந்தால் நடுவில் நிற்கிற இடம் தயாளனுக்கு. அக்தர் பெஞ்சுக்கு. வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று மனைவி குல்ஷனிடம் சொன்னார்.

குல்ஷன் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ரொம்ப உசரமாமே அவரு?"

"உசரமா இருந்தா ஆச்சா? பனமரம்கூட உசரம்தான்."

"ஸ்டூல் இல்லாமயே ஓட்டடை அடிப்பாரு போலயே" என்றாள் குல்ஷன், கூரையின் மூலையைப் பார்த்தபடி. "நானும் ரமலானுக்கு முந்தி இருந்து சொல்றேன், இந்த வூட்ல கேக்கத்தான் ஆளில்ல."

அக்தரும் அந்த மூலையைப் பார்த்தார். ஓட்டடை இருந்தது. அதுவரை அது வெறும் ஓட்டடையாகத்தான் இருந்தது.

மறுநாள் பட்டறையில் உட்கார்ந்து யோசித்தார். தயாளன் வராமல் தடுக்க ஒரே வழி, தன் ஓட்டை மறுப்பாகப் போடுவது. அதாவது, தவறவிடுவது. தோல் துண்டுகளைக் கசக்கிக் குப்பைக் கூடைக்கு வெளியே விழும்படி வீசிப் பார்த்தார். எல்லாம் உள்ளே போயின. கூடையை நகர்த்தி வைத்துவிட்டு, அது முன்பிருந்த இடத்தைப் பார்த்து வீசினார். மின்விசிறிக் காற்றில் திரும்பி உள்ளே போயின. கூடையைக் கவிழ்த்து வைத்தார். அடியில் ஓட்டை இருந்தது.

வேறு வழியில்லாமல் சம்பத்தைக் கூப்பிட்டனுப்பினார். சம்பத் குழுவின் நிரந்தர பெஞ்சு ஆள். அவர் போட்ட பந்து ஒன்றுகூட வளையத்தைப் பார்த்ததில்லை. தயாளனுக்குப் பதிலாகப் படப்பைக்குப் போகப்போவது சம்பத்தான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்ததால் அவரும் கலங்கிப் போயிருந்தார்.

"சம்பத்து, நீ எப்டிப்பா தவறவுடுற? அத எனக்கு சொல்லிக் குடு."

சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரும் அவரிடம் எதையும் கற்றுக்கொள்ள வந்ததில்லை. "நானு எங்க பாய் தவறவுடுறேன்? உள்ள போவணும்னுதான் போடுறேன். அதுவா வெளிய போயிடுது."

"அதுவா போவும்போது உனக்கு இன்னா தோணும்?"

சம்பத் வெகுநேரம் யோசித்தார். "மதியம் இன்னா சாப்பாடுன்னு தோணும் பாய்."

அன்று முழுவதும் அக்தர் மதியச் சாப்பாட்டை நினைத்தபடியே தோல் துண்டுகளை வீசினார். பசித்ததே தவிர ஒன்றும் வெளியே விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். சுபத்ராவின் ஏசி கார் வந்து நின்றது. அதிலிருந்து தயாளன் இறங்கினார். கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருந்தார். கூடவே மெத்தை வைத்த ஒரு நாற்காலியும் இறங்கியது. தயாளன் அதில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். முழங்கால் மழைக்கால மரக்கதவைப் போல ஒரு சத்தம் போட்டது. உடனே சிட்டிபாபு தன் கையாலேயே சமோசாத் தட்டை அவரிடம் நீட்டினார். எப்போதும் முதல் சமோசா அக்தருக்குத்தான். தட்டு சுற்றி வந்து அக்தரை அடைந்தபோது அதில் பச்சை மிளகாய் மட்டும் இருந்தது.

"சரி, பேசுங்கப்பா" என்றார் சிட்டிபாபு. "பாய், இன்னா மூஞ்சி ஒரு மாரி கீது? நீயே ஆரம்பி."

அக்தர் எழுந்தார். "எனக்கு யார் மேலயும் பொறாம கெடயாது. நம்ம குழு நல்லா இருக்கணும், அவ்ளோதான். இவருக்கு வலது பக்கம் திரும்பவே வராது. வலது பக்கம் போவணும்னா இடது பக்கமா முக்கால் சுத்து சுத்தித்தான் போவாரு. உண்டா இல்லியா?"

"உண்டு" என்றார் தயாளன் அடக்கமாக.

"சுத்தட்டுமே பாய்" என்றார் சிட்டிபாபு. "அத பாத்துகினு எதிராளிக்கு தல சுத்துது இல்ல? போன வருஷம் உனக்கே சுத்திச்சே."

"தடுக்கறதுக்கு நம்ம பாதிக்கே வர மாட்டாரு. அந்தப் பக்கமே நிப்பாரு."

"வெயில் பாய்" என்றார் தயாளன். "ஒடம்புக்கு ஒத்துக்கல."

"பயிற்சிக்கு ஏசி கார் வேணும். ஆட்டம் முடிஞ்சா மட்டன் பிரியாணி, அதுல எலும்பு இருக்கக் கூடாது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்க ஒரு ஆள். உக்கார மெத்தை நாற்காலி. இது ஆட்டக்காரரா, மாப்பிள்ளையா?"

கூட்டம் சிரித்தது. அக்தருக்கு ஒரு நிமிடம் இனித்தது. அதற்குள் சுபத்ரா கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "எல்லாம் உண்மைதாங்க. செலவு தாங்காமத்தான் நானே குடுக்கறேன். ஆனா கோப்பை எங்க ஷெல்ஃப்லதான் இருக்கு, பாத்தீங்களா?"

அப்போது தயாளன் எழுந்து, நொண்டியபடி அக்தரிடம் வந்து, குனிந்து, மேலும் குனிந்து சொன்னார்: "பாய், எனக்கு எல்லாம் வரும், அந்த ஃப்ரீ த்ரோ மட்டும் வராது. நீங்க போடறத மரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்திருக்கேன். வந்தா உங்ககிட்டதான் கத்துக்கணும்."

பண்பில்லாதவனாக இருந்திருந்தால் அக்தருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். 'உயரமும் இருக்கு, குணமும் இருக்கு, ஓட்டடையும் அடிப்பான்' என்று பல்லைக் கடித்தார்.

ஓட்டெடுப்பு தொடங்கியது. ஒருவர் பின் ஒருவராகக் கோட்டில் நின்று போட்டார்கள். மறுப்பு ஒன்று கூடுதலாக இருந்தபோது சம்பத் முறை வந்தது. அக்தர் மூச்சு விட்டார். சம்பத் பந்து வெளியே போவது சூரியன் கிழக்கே வருவதைப் போல. ஆனால் சம்பத்துக்குப் படப்பைக்குப் போகிற பயம். வாழ்க்கையில் முதல்முறையாக, வெளியே போக வேண்டும் என்று நினைத்துப் போட்டார். பந்து நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனது.

"நானு தவறவுடத்தான் பாய் பாத்தேன்" என்றார் சம்பத், அழுகிற குரலில். "அதையும் தவறவுட்டுட்டேன்."

ஓட்டு சமமாகிவிட்டது. மிச்சம் அக்தர் ஒருவர்தான்.

கோட்டில் நின்றார். உள்ளே போட்டால் இடம் போய்விடும். வெளியே போட்டால் பெயர் போய்விடும். எதிரே தயாளன், கற்றுக்கொள்கிற பிள்ளையைப் போல வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இடத்தைக் காப்பாற்றுவது என்று அக்தர் முடிவு செய்தார். கோட்டில் நின்று போட வேண்டும் என்றுதான் சட்டம்; எந்தத் திசையைப் பார்த்து என்று சட்டத்தில் இல்லை. வளையத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஏரியைப் பார்த்து, நெஞ்சில் இருந்த எரிச்சல் முழுவதையும் சேர்த்து, பந்தை வீசி எறிந்தார்.

பந்து மதிலைத் தாண்டியது. சாலையில் போன ஷேர் ஆட்டோவின் கூரையில் விழுந்து எம்பியது. "யோவ்" என்றது ஆட்டோ. பந்து ஏரிக்கு மேலே போனது, தூங்கிக்கொண்டிருந்த எருமையின் கொம்பில் பட்டது. எருமை விழித்துக்கொண்டு, வேண்டாத விருந்தாளியைத் திருப்பியனுப்புவதைப் போலத் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. பந்து வந்த வழியே திரும்பி, கரையிலிருந்த தென்னையில் மோதி, மதிலைத் தாண்டி, அக்தரின் தலைக்கு மேலாகப் போய், வளையத்தின் மேல் விழுந்து, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவரைப் போல விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு உள்ளே இறங்கியது.

எருமை மறுபடி தூங்கிவிட்டது.

"தீர்மானம் பாஸு" என்றார் சிட்டிபாபு. "சம்பத்து, பைய எடுத்துக்கோ. படப்பை கெளம்பு."

"இருங்க" என்றார் சுபத்ரா. கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "தீர்மானத்துல 'நம்மாள் ஒருத்தர்'னுதானே சொன்னீங்க? சம்பத் சார் வேணாம். இவர குடுங்க."

அக்தர் சிட்டிபாபுவைப் பார்த்தார். 'பாயை மட்டும் கேக்காதீங்க' என்று சொல்ல சிட்டிபாபுவுக்கு நிறைய நேரம் இருந்தது. அந்த நேரத்தை அவர் தயாளனின் நாற்காலி மெத்தையைத் தட்டிச் சரிசெய்யப் பயன்படுத்திக்கொண்டார்.

"போய்ட்டு வா பாய்" என்றார் பிறகு. "நீயே ஓட்டு போட்ட."

காரில் ஏறும்போது அக்தர் சுபத்ராவிடம் சொன்னார்: "வர்றேம்மா. ஆனா டெய்லி இந்தக் கார் வரணும். மட்டன் பிரியாணி, எலும்பு இல்லாம. நாற்காலி மெத்தை இதவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும்." சுபத்ரா பெருமூச்சு விட்டுச் சரி என்றார். நாற்காலியிலிருந்த தயாளன் காதில் அது விழுந்தது. "எனக்குச் சின்ன மெத்தைதானே குடுத்தீங்க மேடம்?" என்றார். முகம் கருத்துவிட்டது. அன்று அக்தருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. படப்பையில் அவருக்கு மாலை மரியாதை எல்லாம் நடக்கிறது. கோப்பையும் அவர் கையாலேயே வந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் அண்ணாந்து கூரை மூலையைத்தான் பார்க்கிறார். ஓட்டடை இல்லை. பளிச்சென்று இருக்கிறது. வீட்டில் ஸ்டூலும் இல்லை. கால் உடைந்து போனதைக் குல்ஷன் எப்போதோ பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். யார் அடித்தது என்று கேட்க அக்தருக்கு வாய் வரை வருகிறது. கேட்பதில்லை. "என்னங்க மேலயே பாக்குறீங்க?" என்று குல்ஷன் கேட்டால், "ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்" என்கிறார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

செம்பாக்கம் ஏரிக்கரை ஆடுகளத்தில் சிட்டிபாபு நட்டுவைத்த இரண்டு கம்பங்களுக்கும் நட்ட நாள் தொட்டு இன்றுவரை வளையம் வந்து சேரவில்லை.