கர்ணம் இருபத்தொன்பது

கணக்குப் போட்டிக்கான மண்டல அணிக்கு மூன்று பேர்தான் தேவை. தேர்வில் மோனிஷா நான்காவதாக வந்தாள். மூன்றாவதாக வந்த பையனை அவன் பள்ளி அனுப்ப மறுத்துவிட்டது. நுழைவுத் தேர்வு வகுப்புகள் கெடும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அணிப் பொறுப்பாளர் சாரதாமணி டீச்சர் சேலத்திலிருந்து போன் செய்தபோது மோனிஷா மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை தோறும் சேலம் வரணும்மா. ஆறு வாரம் பயிற்சி. அப்புறம் திருச்சியில மாநிலப் போட்டி. முடியுமா?"

"வாரனுங்க டீச்சர்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டாள். பிறகுதான் யோசித்தாள்.

அப்பா ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் நான்கு மாதமாகிறது. அம்மா ராசாத்திக்கு நூல்மில்லில் இரவு ஷிஃப்ட். காலையில் இரண்டு மாடுகளையும் கறந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றி, சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் மோனிஷா கிளம்ப முடியும். மல்லசமுத்திரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சேலத்துக்கு இன்னொன்று. இரண்டிலும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போனாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்தில் ஒருநாள் தூங்கக் கிடைப்பதும் இப்படிப் போயிற்று.

அணியில் மற்ற இருவரும் பையன்கள். ஆத்தூர்க் காளிதாஸ், விதைக்கடைக்காரர் மகன். அவன் அப்பா கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொரு வாரமும் பைக்கில் கூட்டிவந்து, சாயங்காலம்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். இன்னொருவன் தீனதயாளன். ஊர் எருமப்பட்டி, படிப்பது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். அங்கே நாலரைக்கு மணியடித்து எழுப்பி, பதினொரு மணிவரை உட்கார வைத்துப் படிக்கவைப்பார்களாம்.

இரண்டாவது வாரம், கணக்குப் போட்டுக்கொண்டிருந்த தீனதயாளனின் தலை அப்படியே மேசையில் சாய்ந்தது.

"ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?" என்று மோனிஷா மெல்லக் கேட்டாள்.

"தூக்கந்தானுங்க. இங்க வந்தாத்தான் யாரும் எழுப்ப மாட்டேங்கறாங்க."

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனை அரை மணி நேரம் தூங்கவிட்டார்கள். டீச்சரும் பார்க்காததுபோல் விடைத்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் முட்டி வலி, தூக்கமில்லாத முகம். தெளிவாக இருக்கும் நேரத்தில் தீனதயாளன் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவான். தூக்கக் கலக்கத்தில் மட்டும் எண்ணிக்கையில் ஒன்றை விட்டுவிடுவான். மூன்று முறை அப்படி நடந்தது. மூன்று முறையும் அதைக் கண்டுபிடித்தவள் மோனிஷா.

திருச்சியில் பதினோரு அணிகள் வந்திருந்தன. கடைசியாகத் தொடர் சுற்று. ஒருவர் பின் ஒருவராக மூவர் உட்கார வேண்டும். முன்னால் இருப்பவரின் விடையை வைத்துத்தான் அடுத்தவர் தன் கணக்கைப் போட முடியும். பேசக்கூடாது; எண்ணை மட்டும் துண்டுத்தாளில் எழுதிப் பின்னால் நீட்டலாம். மூன்றாமவரின் விடைக்குத்தான் மதிப்பெண். காளிதாஸ் முதலில், தீனதயாளன் நடுவில், மோனிஷா கடைசியில்.

காளிதாஸ் சீக்கிரமே தாளை நீட்டிவிட்டான். தீனதயாளன் அதை வாங்கி எழுதத் தொடங்கியதை மோனிஷா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் அவன் தலை முன்னால் தொங்கியது. பேனா நின்றுவிட்டது. தொடவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. பிறகு திடுக்கென்று நிமிர்ந்து, அவசரமாக ஏதோ எழுதி, திரும்பாமலே தாளை நீட்டினான்.

29.

அவளுடைய கேள்வி: அந்த எண்ணைக் கர்ணமாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் முழு எண்கள் என்றால், பரப்பு என்ன?

இருபத்தொன்பதின் வர்க்கம் எண்ணூற்று நாற்பத்தொன்று. அதிலிருந்து ஒவ்வொரு வர்க்கமாகக் கழித்துப் பார்த்தாள். எதிலும் முழு வர்க்கம் மிஞ்சவில்லை. பதினேழு இல்லை. பதினெட்டு இல்லை. பத்தொன்பதைக் கழித்தால் நானூற்று எண்பது. அதுவும் இல்லை. கண் எரிந்தது. பாதியைத் தாண்டியாயிற்று, இனி எங்கே வரப்போகிறது என்று பட்டது. முப்பதாக இருந்தால் பதினெட்டு, இருபத்துநான்கு என்று உடனே பொருந்துகிறது. வழக்கம்போல ஒன்றை விட்டிருக்கிறான். முப்பது என்றே வைத்துக்கொண்டு 216 என்று எழுதி, மணியடிக்கும் முன்னால் கொடுத்துவிட்டாள்.

முடிவு சொன்னபோது மூன்றாம் இடத்துக்கு எழுபத்தொரு மதிப்பெண். இவர்களுக்கு அறுபத்தேழு, நான்காம் இடம். முதல் மூன்று அணிகள்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். தொடர் சுற்றுக்குப் பத்து மதிப்பெண். அது இவர்களுக்குப் பூஜ்யம்.

தீனதயாளன் டீச்சர் முன்னால் வந்து நின்றான். "என்னாலதானுங்க டீச்சர். கண்ணு சொக்கிருச்சு. என்ன எழுதுனேன்னே ஞாபகமில்லீங்க."

"சரி விடு, வேன்ல ஏறு" என்றார் டீச்சர்.

சரியான விடைகளை வராந்தாச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பை எடுத்துவரப் போன மோனிஷா அதன்முன் நின்றாள். இருபது, இருபத்தொன்று, இருபத்தொன்பது. பரப்பு 210. பத்தொன்பதுக்கு அடுத்து இன்னும் ஒரே ஒரு எண் போட்டுப் பார்த்திருந்தால் வந்திருக்கும். தீனதயாளன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான், தூக்கத்திலும்.

வேன் கிளம்பியது. ஜன்னலில் காவிரி கூடவே வந்தது. வாழைத் தோட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன என்று அவள் யோசித்தாள். அவள் விடைத்தாளை இவர்களில் யாரும் பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் போவதில்லை. தீனதயாளனோ தன் தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனாலும் முசிறி தாண்டியதும் அவள் எழுந்து, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீனா தப்புப் பண்ணலீங்க டீச்சர். அவரு குடுத்தது செரிதான். நாந்தான் நம்பாம முப்பதுன்னு மாத்தி வெச்சுப் போட்டனுங்க."

காளிதாஸ் சடாரென்று திரும்பினான்.

"குடுத்த நம்பரைப் போட வேண்டியதுதானே?" காளிதாஸ் வெடித்தான். "ஒன்னைய யாரு திருத்தச் சொன்னாங்க? ஆறு வாரமா எங்கப்பா கடையைச் சாத்திட்டு வாசல்ல கெடந்தாரு, தெரியுமா?"

"தெரியும்" என்றாள். காளிதாஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நாமக்கல் வரும்வரை அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

தீனதயாளன்தான் முதலில் சிரித்தான். "அப்ப நான் எழுதுனது செரியா? தூக்கத்துலயே போட்டுட்டனா?"

"உங்க பள்ளிக்கூடத்துல நானே போன் பண்ணிச் சொல்றனுங்க, உங்க மேல தப்பில்லைன்னு" என்றாள் மோனிஷா.

அவன் சிரிப்பு அடங்கியது. "யாரு தப்புன்னெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க. பிளேஸ் வந்துச்சான்னு கேப்பாங்க. இல்லைன்னா இனி எதுக்கும் அனுப்ப மாட்டாங்க. அவ்வளவுதான்." பிறகு, "நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க" என்றான்.

"இருந்திருக்கலாம்."

"சொன்னது நல்லதாப் போச்சு. நான் மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டிருந்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "மாத்தினது தப்பு. பாதியில நிறுத்தினது அதைவிடத் தப்பு" என்றார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "அடுத்த வருஷமும் தேர்வு இருக்கு. வர்றியா, மாட்டியான்னு இப்பச் சொல்லாதே."

நாமக்கல் பேருந்து நிலையத்தின் எதிரே விடுதிக் காவலாளி பைக்கோடு காத்திருந்தார். தீனதயாளன் அவர் பின்னால் ஏறி, கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். டீச்சர் மோனிஷாவைத் திருச்செங்கோடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஷிஃப்டுக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த ராசாத்தி, "கெலிச்சீங்களா சாமி?" என்று கேட்டாள்.

"இல்லீங்மா. என்னாலதான் போச்சு." நிலைப்படியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கர்ணமும் பரப்பும் ராசாத்திக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சீப்பைக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள்.

"அந்தப் பையன் தூங்கிட்டான்னு நீ நெனச்சே. அப்படித்தானே?"

"ஆமா."

"மில்லுல எனக்கும் அப்படித்தான். கண்ணு மூடியிருக்கும், கை நூலை முடிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்." ராசாத்தி சீப்பைச் செருகிவைத்துவிட்டு டிபன் பாக்ஸை எடுத்தாள். "சோறு இருக்குது, தின்னு. நாளைக்கு ஞாயித்துக்கெழம. பாலை நான் வந்து கறந்துக்கறேன், நீ எந்திரிக்க வேண்டாம்."

மில் வேன் ஹாரன் அடித்தது. ராசாத்தி செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். மோனிஷா சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றபிறகுதான் தனக்கு எவ்வளவு பசி என்று தெரிந்தது.