ராகுகாலத்துப் பூநாரைகள்

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்து எழுதுவினைஞர் தக்சாயினியை வளாகத்தில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவள் தட்டச்சுச் செய்யும் தாளைத் தெரியாதவர் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் அறிவித்தல் பலகைகளில் ஏறுகிற, எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் போய்ச் சேருகிற ஒற்றைத் தாள் அது. மேல் பாதியில் வரப்போகும் நிகழ்வுகள், கீழ்ப் பாதியில் ஊழியர் அறிவித்தல்கள். ஐப்பசி பிறந்தால் மேல் பாதி கீழ்ப் பாதியின் இடத்தையும் பிடித்துவிடும். மழை இறங்குவதற்குள் எல்லாவற்றையும் நடத்தி முடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரே நேரத்தில் சுறுசுறுப்பு வந்துவிடும். இரத்ததான முகாம், நூற்கண்காட்சி, புதுமுக மாணவர் வரவேற்பு, யாரோ ஒரு பேராசிரியரின் பிரியாவிடை என்று அவளுடைய மேசையில் கடதாசிகள் குவியும்.

பதினொரு வருடமாக அந்தத் தாளை அவள்தான் தயாரிக்கிறாள். அதில் போட்ட ஒரு நிகழ்வுக்கும் அவள் போனதில்லை. ஆனாலும் அவை நல்லபடியாக நடந்து முடிந்ததற்குத் தானே காரணம் என்ற இரகசியப் பெருமை அவளுக்கு உண்டு. மேசைக்கு எதிரே ஒரு நாட்காட்டி தொங்கியது. எந்த நேரத்தையும் தட்டச்சுச் செய்வதற்கு முன் அவள் நிமிர்ந்து அன்றைய ராகுகாலத்தைப் பார்ப்பாள். முட்டினால், ஒருவருக்கும் சொல்லாமல் நேரத்தைத் தள்ளிவிடுவாள். பெரியவர்கள் பதவியேற்கும்போது சோதிடரிடம் கேட்டுச் சுபநேரம் வைப்பார்கள். இரத்ததான முகாமுக்கு யார் கேட்கப்போகிறார்கள்? அந்தக் குறையைத்தான் அவள் தீர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரேயொரு முறை காய்ச்சலில் லீவு போட்டாள். அந்தக் கிழமைதான் விளையாட்டு விழாப் பந்தல் சரிந்தது. அதற்கு மேல் அவளுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்த வியாழக்கிழமை விலங்கியல் துறையிலிருந்து வந்த கடதாசியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘சரசாலை நீரேரியில் பூநாரைகளைப் பார்த்தல். ஞாயிற்றுக்கிழமை, பி.ப. 4.30 முதல் 6.00 வரை.’ ஞாயிற்றுக்கிழமை ராகுகாலமும் நாலரையிலிருந்து ஆறு மணி வரைதான். ஒரு நிமிடம் பிசகவில்லை, ராகுவுக்கே அழைப்பிதழ் அடித்தது மாதிரி இருந்தது. கையொப்பம் பிரதீபாவுடையது. நாலு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளராகவே இழுபட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை. காலையில் கண்டால் நின்று “சாப்பிட்டீங்களோ அக்கா” என்று கேட்கிற ஒரே விரிவுரையாளர். பாவம், இதையாவது நல்ல நேரத்தில் செய்யட்டும் என்று மனதார நினைத்து, தக்சாயினி 3.00 முதல் 4.30 வரை என்று போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பிரதீபாவின் அழைப்பு வந்தது. குரல் கம்மியிருந்தது.

“அக்கா, ஆர் நேரத்தை மாத்தினது? மூண்டு மணிக்கு அங்கை ஒண்டுமே தெரியாது. வெயில் தாழ்ந்த பிறகுதான் அதுகள் கரைப்பக்கம் வரும்.”

“இனி மாத்தேலாதோ, மிஸ்?”

“பீடாதிபதியைக் கேட்டன். தனக்கு ஆறரை, ஏழுக்கு நல்லூரிலை ஒரு கலியாண வரவேற்பாம். தாளிலை இருக்கிற நேரத்துக்கு வாறன், வந்திட்டு வெள்ளெனப் போயிடுவன் எண்டுட்டார். அவருக்குக் காட்டத்தானே அக்கா நான் இவ்வளவும் செய்தனான்.”

விஷயம் தக்சாயினிக்குத் தெரியும். விலங்கியல் துறைக்கு ஒரேயொரு நிரந்தர இடம் கிடைத்திருந்தது. அதைப் பறவை ஆய்வுக்குக் கொடுப்பதா, இறால் வளர்ப்புக்குக் கொடுப்பதா என்று விஞ்ஞான பீடத் தலைவரான பீடாதிபதி பஞ்சலிங்கம்தான் சிபாரிசு செய்ய வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். இறால் என்றால் சாப்பிடவாவது செய்யலாம் என்பது அவருடைய கட்சி. பறவைக்குப் போனால் அந்த இடம் பிரதீபாவுக்கு; இறாலுக்குப் போனால் நாலு வருட உழைப்பும் வீண், அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான். நான்தான் மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தாள் தக்சாயினி. “நானும் நாளைக்கு வாறன், மிஸ்” என்றுதான் வந்தது.

ஞாயிறு மத்தியானம் வளாகத்து பஸ் புறப்பட்டபோது அதில் முப்பது மாணவர்களும், பிரதீபாவும், முன் இருக்கையில் வெள்ளைச் சேர்ட்டோடு பீடாதிபதியும் இருந்தார்கள். கடைசி இருக்கையில் தக்சாயினி இருந்தாள். அவளைக் கண்டு சாரதி கிளரன்ஸ்தான் முதலில் ஆச்சரியப்பட்டார். “என்ன தங்கச்சி, தாளுக்குள்ளை இருந்து வெளியிலை வந்திட்டீர்?” என்று கேட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாவகச்சேரியைத் தாண்டி வடக்கே திரும்பி, வயல்களும் பனைகளும் முடிந்த இடத்தில் பஸ் நின்றது. இறங்கிய தக்சாயினி அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்றுமில்லாததை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. சேறும் உப்பும் கணுக்கால் தண்ணீருமாக, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி அது விரிந்து கிடந்தது. வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் கூட இல்லாத தூரத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தன்னிடம் யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

“எங்கை பிள்ளை பறவை?” என்றார் பஞ்சலிங்கம்.

“அந்தா சேர், அந்த வெள்ளைக் கோடு.”

தொலைவில், அக்கரையோடு ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. உப்புப் படிந்திருக்கிறது என்றுதான் எவரும் சொல்வார்கள். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் கானல் அலைந்ததே தவிர, ஒரு காலோ கழுத்தோ பிடிபடவில்லை. மாணவர்கள் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு பஸ்ஸின் நிழலுக்குப் போய்விட்டார்கள். பிரதீபா அவற்றின் வளைந்த சொண்டைப் பற்றியும், கடல் கடந்து அவை வருகிற தூரத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாள். பீடாதிபதி பஸ்ஸிலிருந்து இறக்கிய கதிரையில் உட்கார்ந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உந்தக் கோட்டைப் பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீர்? இறாலெண்டால் வலையைப் போட்டு எடுத்துக் கையிலை காட்டலாம்.”

பிரதீபா குனிந்து தொலைநோக்கியின் மூடியைப் பூட்டினாள்.

பஞ்சலிங்கம் எழும்பினார். “கிளரன்ஸ், வண்டியை எடும். ராகுகாலத்துக்கு முன்னம் வெளிக்கிட வேணும். நான் ராகுகாலத்திலை வாசல்படி தாண்டுறேல்லை.”

அந்த வசனம் தக்சாயினியின் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. கால்கள் தாமாகவே நடந்து பீடாதிபதியின் முன்னால் போய் நின்றன.

“சேர், நாலரை தாண்டிட்டுது. ராகுகாலம் தொடங்கிட்டுது.”

கிளரன்ஸ் தன் கைத்தொலைபேசியைப் பார்த்தார். “இல்லையே, இன்னும்…” என்று தொடங்கியவர் அவளுடைய முகத்தைக் கண்டார். அவர் மெதடிஸ்த கோயிலில் காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்த மனிதர். ராகுவுக்கும் அவருக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலும் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஓம் சேர், தாண்டிட்டுது” என்றார்.

பஞ்சலிங்கம் சேர்ட்டின் கையை மெல்ல விலக்கித் தன் மணிக்கூட்டைப் பார்த்தார். தக்சாயினியைப் பார்த்தார். திரும்பவும் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். “அப்ப ஆறு மணிக்குத்தான் இனி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தக்சாயினி பிரதீபாவின் பக்கத்தில் போய் நின்றாள். இனியும் மறைத்தால் சோறு இறங்காது என்று தோன்றியது.

“நேரத்தை மாத்தினது நான்தான், மிஸ். ராகுகாலத்திலை தொடங்கினால் உங்களுக்குச் சரிவராதெண்டு பயந்திட்டன்.”

“நீங்களோ அக்கா?”

அவ்வளவுதான் கேட்டாள். கோபித்திருந்தால் தாங்கியிருக்கலாம். பிரதீபா முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள்.

ஐந்து மணி தாண்டியதும் காற்று விழுந்தது. அலைந்துகொண்டிருந்த கானல் அடங்கித் தண்ணீர் கண்ணாடியாயிற்று. வெயில் மஞ்சளாகிப் பக்கவாட்டில் வந்தது. முதலில் ஒரு சத்தம் கேட்டது, சந்தை கூடுகிற இடத்தைத் தூரத்திலிருந்து கேட்பது போல ஓர் இரைச்சல். நிழலில் படுத்திருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். பிரதீபா தக்சாயினியின் கையைப் பிடித்தாள். பிடித்ததை அவள் அறிந்ததாகவே தெரியவில்லை.

வெள்ளைக் கோடு ஒரு முனையிலிருந்து அவிழ்ந்தது. அவிழ்ந்தது எழும்பியது. எழும்பிய கணத்தில் அது வெள்ளையாக இல்லை. மடித்து வைத்திருந்த செட்டைகளை அவை விரித்தபோது உள்ளே இருந்ததெல்லாம் சிவப்பு. இத்தனை நேரமும் அந்தச் சிவப்பை மூடி வைத்துக்கொண்டா நின்றன? கறுப்புக் கரை போட்ட அந்த இளஞ்சிவப்பால் வானத்தின் பாதியை மூடி, ஆயிரக்கணக்கில், நீட்டிய கழுத்தும் நீட்டிய காலுமாக அவை நேராக அவர்களை நோக்கி வந்தன. தலைக்கு மேலே போனபோது செட்டையடிக்கும் காற்று முகத்தில் பட்டது. முப்பது மாணவர்களில் ஒருவர்கூடக் கைத்தொலைபேசியை எடுக்க நினைக்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பிச் சாய்ந்து, கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் இறங்கின. இறங்கிய இடத்தில் தண்ணீரும் சிவந்தது.

தக்சாயினிக்குக் கண்ணீர் வந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த உலகத்தில் இப்படி ஒன்று நடக்கிறது, தினமும் நடக்கிறது, அதுவும் இன்றைக்கு ராகுகாலத்தின் நட்டநடுவில் நடக்கிறது. அவளுடைய நாட்காட்டியை அவை கேட்கவில்லை. இத்தனை பெரிய ஒன்றைத்தான் அவள் ஒரு வரியில் தட்டச்சுச் செய்து, ஒன்றரை மணித்தியாலம் முன்னுக்கு இழுத்திருக்கிறாள். வெட்கமும் மகிழ்ச்சியும் ஒன்றாக வந்தன. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, கும்பிட்டாள்.

“ஆண்டவரே” என்று பின்னால் கிளரன்ஸ் முணுமுணுப்பது கேட்டது.

பீடாதிபதி எப்போது எழும்பினார் என்று யாருக்கும் தெரியாது. கலியாணத்துக்குப் போட்டு வந்த சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, கணுக்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத் திரும்பாமலே கேட்டார்.

“எத்தினை இருக்கும் பிள்ளை?”

“மூவாயிரத்துக்குக் குறையாது சேர்” என்றாள் பிரதீபா.

“மூவாயிரம்” என்றார் அவர். “நான் பிறந்தது மட்டுவில். இஞ்சை இருந்து கூப்பிடு தூரம். எனக்கு அறுபத்திரண்டு வயது.”

ஆறு மணி அடித்தும் அவர் அசையவில்லை. இருள் இறங்கி உருவங்கள் மறைந்த பிறகுதான் பஸ்ஸில் ஏறினார். ஏறும்போது தக்சாயினியிடம், “பறவை ஆய்வுக்கெண்டு சிபாரிசுக் கடிதத்தை ரைப் பண்ணி நாளைக்குக் கொண்டாரும். எட்டு மணிக்கு” என்றார்.

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது வரை. அவள் அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு அவள் கடிதத்தை நீட்டியபோது பஞ்சலிங்கம் பேனாவைத் திறந்து ஒரே இழுப்பில் கையொப்பம் வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நேற்று நீர் நாலரை எண்டு சொல்லேக்கை, என்ரை மணிக்கூட்டிலை நாலு பதினெட்டு.”

“பிறகேன் சேர் இருந்தனீங்கள்?”

“பதினொரு வருசமா உம்மடை தாளைப் பாத்துத்தான் நான் எல்லா இடமும் போறனான். அதிலை ஒரு நேரம் பிழைச்சதில்லை. அப்பிடிப்பட்ட ஆள் முகத்துக்கு நேரை பொய் சொல்லுதெண்டால், நான் பாக்க வேண்டிய ஏதோ ஒண்டு இன்னும் வரேல்லையெண்டு விளங்கிச்சுது.”

அவள் சிபாரிசுக் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இப்படியே போய்விடலாம். கையொப்பம் கிடைத்துவிட்டது, ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை.

“பிழைச்சிருக்குது சேர்” என்றாள். “அந்த மூண்டு மணி நான் போட்டது. மிஸ் எழுதித் தந்தது நாலரை. அது மட்டுமில்லை, பதினொரு வருசமா…” என்று தொடங்கி, நாட்காட்டியையும் இரத்ததான முகாம்களையும் சரிந்த பந்தலையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள்.

பஞ்சலிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மேசைக்குக் கீழே, நேற்றைய சேறு காயாத சப்பாத்து இரண்டும் பழைய பேப்பரின் மேல் கிடந்தன.

“இந்தக் கிழமைத் தாளிலை இன்னொருக்காப் போடும்” என்றார் கடைசியில். “ஞாயிற்றுக்கிழமை, நாலரை. வீட்டிலை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாறன்.”